பம்ப்பை விட்டு நகராதவர்

தீயணைப்புப் படையில் சேர்ந்து சண்முகத்துக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனால் அவர் தீயைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. இதை யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களுக்கு அந்த வேலை தெரியாது, அவ்வளவுதான். வண்டியை ஓட்டிப் போகிறவர்தான் போய்ச் சேர்ந்ததும் அதன் பம்ப்பை இயக்க வேண்டும். கொல்கத்தாவின் சந்துகளில் அந்தப் பெரிய வண்டி எங்கே நுழையும்? தெருமுனையிலேயே நின்றுவிடும். மற்றவர்கள் ஹோஸை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். இவர் முனையில், வால்வில் ஒரு கையும் ஹோஸின் மேல் ஒரு கையுமாக நிற்பார். கண்ணில் படுவது புகையும், வேடிக்கை பார்க்கிறவர்களின் முதுகும்தான்.

அங்கிருந்து நகரக் கூடாது. வண்டி டாங்க்கில் உள்ள தண்ணீர் கொஞ்ச நேரத்துக்குத்தான் காணும். அது தீர்வதற்குள் பின்னால் வந்து நிற்கும் இரண்டாவது வண்டியின் தண்ணீரை இந்தப் பம்ப்புக்குத் திருப்பிவிட வேண்டும். ஒரு வால்வை மூடி இன்னொன்றைத் திறக்கிற வேலை. கேட்டால் சின்ன வேலை. அதைச் செய்ய ஆள் இல்லையென்றால் உள்ளே ஹோஸ் பிடித்திருக்கிறவன் கதி அதோகதிதான்.

அப்படி முதல் ஆளாக ஹோஸைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறவன் இஸ்மாயில். அவனுடைய வாப்பா காயல்பட்டினத்திலிருந்து ரத்தினக் கல் வியாபாரத்துக்கு வந்தார். வியாபாரம் படுத்துவிட்டது, மனுஷர் இங்கேயே தங்கிவிட்டார். சண்முகத்தின் அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து ரயில்வேக்கு வந்தவர். தீயணைப்பு ஸ்டேஷனில் தமிழ் பேசுகிறவர்கள் இவர்கள் இருவர்தான். அதிகாரியைத் திட்டுவதற்கு அந்த மொழி ரொம்ப வசதியாக இருந்தது.

தீ அணைந்ததும் இஸ்மாயில் வெளியே வந்து, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, வண்டிப் படியில் உட்கார்ந்து, மண் குவளையில் டீயை உறிஞ்சிக்கொண்டே உள்ளே கண்டதைச் சொல்வான். சண்முகத்துக்குத் தெரிந்த தீயெல்லாம் அவன் வாய்வழியாகத் தெரிந்ததுதான்.

வங்காளிகளின் வருஷப் பிறப்புக்கு மறுநாள் டாக்குரியா ரயில் பாதையோரக் குடிசைகள் பற்றிக்கொண்டன. அந்த வருஷத்தின் முதல் பெரிய அழைப்பு அது. வெயில் மண்டையைப் பிளந்தது. டிரங்குப் பெட்டியும் டிவியும் குழந்தையுமாக ஜனங்கள் எதிரே ஓடிவந்தார்கள். ஒரு பெண் இரும்புக் கரண்டியோடு வந்து, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டு வண்டியை அடித்தாள். வண்டிக்கு வலிக்கவில்லை என்று தெரிந்ததும் சண்முகத்தை அடித்தாள். அவர் வால்விலிருந்து கையை எடுக்கவில்லை. முழங்கை வீங்கிவிட்டது.

“உள்ள ஒண்ணும் மிஞ்சலண்ணே,” என்றான் இஸ்மாயில் பிறகு. “ஒரு ஆடு, கட்டுன கயித்தோட வெந்து கெடக்கு. கயித்த அவுத்து விட ஒருத்தனுக்கும் தோணல. டிவிய மட்டும் தூக்கிட்டு ஓடிருக்கான்.”

“நீ கிட்டப் போயிப் பாத்தியா?”

“மிதிச்சிட்டேன். வேற எங்க கால வைக்க?”

காளிகாட்டில், கோயிலுக்குப் பின்னால் போகிற சந்துகளில் ஒன்றில் சண்முகத்தின் வீடு. பழைய காலத்து மூன்றடுக்கு வீடு. கீழே டெக்கரேட்டர் ஒருவரின் கிடங்கு: பூஜைப் பந்தலுக்கு வேண்டிய துணி, மூங்கில், தெர்மாகோல் எல்லாம் கூரை முட்ட அடைந்துகிடக்கும். நடுமாடியில் வீட்டுக்காரி மிதாலி. அண்ணி என்பதற்கு வங்காளிகள் சொல்கிறபடி அவளை எல்லோரும் மிதாலி பௌதி என்பார்கள். மேல்மாடியில் சண்முகமும் அவர் மனைவி தமயந்தியும். மகள் கவிதா கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள்.

தமயந்தி அன்று அவர் முழங்கைக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். பற்றுப் போடுகிற கைக்கும் வைகிற வாய்க்கும் அவளுக்கு ஒருபோதும் சண்டை வந்ததில்லை.

“தீயுங் கெடையாது, தீப்புண்ணுங் கெடையாது. கரண்டியடி வாங்கிட்டு வந்திருக்கிய. இத ஊர்ல யாருட்ட நான் சொல்ல?”

“நான் நகந்தா உள்ள இருக்கவன் செத்துருவான் தமா.”

“எப்பப் பாத்தாலும் இதே கத. உங்க பேரு ஃபயர் சர்வீஸு. எங்க அக்கா மாப்பிள்ள பால் வண்டி ஓட்டுதாரு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேக்கா அவ. நான் என்ன சொல்லட்டும்?”

“சொல்லேன், தண்ணி வண்டின்னு.”

“நம்ம வீடு பத்திக்கிட்டு எரிஞ்சாலும் முக்குலதான் நிப்பியளா?”

“ஆமா.”

அவர் சும்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவள் பற்றை வழித்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்து போனாள். அந்த வாரம் முழுக்கச் சோறு மட்டும் வந்தது, பேச்சு வரவில்லை.

தமயந்தி கெட்டவள் இல்லை. கைமணமும் தாராளமும் உள்ளவள். ஸ்டேஷனில் இரவு முறை என்றால் பெரிய டிபன் கேரியரில் புளிக்குழம்பும் எள்ளுத் துவையலும் அனுப்புவாள். அதில் பாதி இஸ்மாயிலுக்கு என்று தெரிந்தே அனுப்புவாள். ஆனால் ஆசாரம் என்று வந்துவிட்டால் அவள் வேறு ஆள். மீன் வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே இத்தனை வருஷத்தைக் கொல்கத்தாவில் ஓட்டியவள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்திரை கடைசியில் புயல் மழை அடித்து லேக் கார்டன்ஸில் பெரிய மரம் ஒன்று சாய்ந்தது. அடியில் ஒரு காரும் ஒரு கைவண்டிக்காரனும். கார்க்காரர் குடையோடு வந்து, கிளையை வெட்டும்போது பெயின்ட்டில் கீறல் விழாமல் பார்த்து வெட்டச் சொன்னார். அடியில் ஆள் இருக்கிறான் என்று இஸ்மாயில் சொன்னதற்கு, “அதுதான் செத்துப்போய்விட்டானே, இனி அவனுக்கு என்ன அவசரம்?” என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, ஆள் செத்துத்தான் போயிருந்தான். அன்றைக்கு வேலை முடிந்ததும் இஸ்மாயில் சண்முகத்தோடு வீட்டுக்குச் சாப்பிட வந்தான்.

“மதினி, என் கப்பு எங்க?” என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தான்.

தமயந்தி காகிதக் கப்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அந்த வீட்டில் காகிதக் கப் அவனுக்கு மட்டும்தான்.

“உங்களுக்கு எப்பவும் புதுசுல்லா தம்பி. ஒருத்தர் வாய் வச்சது கெடையாது.”

“அதானே. ராஜ மரியாதை. எங்க வீட்ல கூட எனக்குப் பழைய கிளாசுதான் குடுக்கா ராபியா.”

“ராபியாவ ஒரு நாளு கூட்டிட்டு வாங்களேன்.”

“கூட்டிட்டு வாரேன். ஆனா ரெண்டு கப்பு செலவாகும்.”

அவள் முகம் சட்டென்று சுருங்கியது. அவன் பெரிதாகச் சிரித்துவிட்டுக் குழம்பைப் பிசைந்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் வருவான், அந்த எள்ளுத் துவையலுக்காக. மனுஷன் சாப்பாட்டுக்கு முன்னால் ரோஷத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறவன், பாவம்.

ஆடியில் தண்ணீர் தேங்கிய தெருவில் விளக்குக் கம்பத்தைத் தொட்டு ஒருவர் இறந்தார். கரண்டை நிறுத்துகிறவரை எட்டத்தில் நின்று பார்க்கத்தான் முடிந்தது. விஸ்வகர்மா பூஜையன்று ஊரெல்லாம் பட்டம் விட்டார்கள். மாஞ்சா நூலில் மாட்டிக்கொண்டு ஒரு பருந்து அரச மரத்தில் தொங்கியது. ஏணி போட்டு இஸ்மாயில் ஏறினான். தெருவே கைதட்டியது. நூலை அறுத்ததும் பறவை ஒரு பக்கம் விழுந்தது, இறக்கை இன்னொரு பக்கம் விழுந்தது. கைதட்டினவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

சண்முகம் குடியிருந்த வீட்டின் பின்பக்கத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து வீடுகளில் கக்கூஸ் கழுவ வருகிறவர்கள் முன்வாசல் வழியே வரக் கூடாது. அதற்கென்றே பின்சுவரை ஒட்டி இரும்பில் ஒரு சுற்றுப்படி வைத்துக் கட்டினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கக்கூஸுக்குப் பின்கதவு ஒன்று அந்தப் படியில் திறக்கும். காலம் மாறி ஊரில் எத்தனையோ வீடுகளில் அந்தப் படி துருப்பிடித்து விழுந்துவிட்டது. இந்த வீட்டில் விழவில்லை. புதியா என்கிறவள் வாளியும் துடைப்பமுமாக இன்னும் அதன் வழியாகத்தான் வந்துபோனாள். தமயந்தி பின்கதவுத் தாழ்ப்பாளைக் குச்சியால் தள்ளித் திறப்பாள். புதியா போனதும் கதவுவரை மூன்று வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவாள்.

நவராத்திரிக்கு முந்திய வாரம் வீட்டின் உள்படி ஒன்று பெயர்ந்து விழுந்தது. சிமென்ட் பூசி அது காய்கிறவரை எல்லோரும் பின்படியில் போய்வாருங்கள் என்று மிதாலி பௌதி சொன்னாள். அவளும் அப்படித்தான் போய்வந்தாள், சண்முகமும் போய்வந்தார். தமயந்தி இறங்கவில்லை.

“தமிழ்க் கோயில்ல கொலு பாக்கப் போகணும்னியே?” என்றார் சண்முகம்.

“கொலு அடுத்த வருசமும் வரும்.”

“இரும்புப் படி தமா. மழையில எத்தன தடவ கழுவியிருக்கும்.”

“இரும்போ தங்கமோ. பீவாளி எறங்குற படி. செத்தாலும் அதுல நான் கால வைக்கமாட்டேன், கேட்டியளா? பொணமாத் தூக்கிட்டுப் போனாலும் முன்வாசல் வழியாத்தான் தூக்கணும். இப்பமே சொல்லிட்டேன்.”

அப்போது காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு இஸ்மாயில் அதே சுற்றுப்படியில் ஏறி வந்து பின்கதவில் நின்றான். அவன் காதிலும் இது விழுந்தது. பையை வாங்கிக் கீழே வைத்துத் தண்ணீர் தெளித்த பிறகுதான் அவள் கத்தரிக்காயைத் தொட்டாள். படி காய்கிறவரை அவள் மேல்மாடியைவிட்டு இறங்கவே இல்லை. விஜயதசமிக்கு ஊரே தெருவில் இருந்தது; அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேளச் சத்தத்தைக் கேட்டாள். சொன்ன சொல் தவறாதவள் என்று சண்முகத்துக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. பெருமைப்பட இதைவிட நல்ல விஷயம் கிடைக்கவில்லை அவருக்கு.

தீபாவளியோடு வரும் காளி பூஜையில் ராக்கெட் விழுந்து எரிந்த கிடங்குகள், மார்கழிக் குளிரில் குப்பையைக் கொளுத்திக் காய்கிறோம் என்று குடிசையைக் கொளுத்திக்கொண்டவர்கள் என்று அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றிலும் சண்முகம் முனையில் நின்றார். இஸ்மாயில் உள்ளே போய் வந்து கதை சொன்னான்.

தை மாதம், வங்காளிகளின் சரஸ்வதி பூஜைக்கு முந்திய நாள். டெக்கரேட்டர்களுக்குக் கை ஒழியாத நாள். ஸ்டேஷனில் மணி அடித்து முகவரியைச் சொன்னபோது சண்முகம் அப்போதுதான் வண்டியைத் துடைத்து முடித்திருந்தார். சந்தின் பெயரைக் கேட்டதும் கையிலிருந்த துணியைப் போட்டார். வீட்டு எண்ணைச் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. பசை காய்ச்சிய ஹீட்டரிலிருந்து கிடங்கு பற்றிக்கொண்டது.

வழியெல்லாம் தமயந்திக்கு இஸ்மாயில் போன் அடித்தான். மணி அடித்தது, எடுக்கவில்லை.

சந்து முனையில் வழக்கம்போல வண்டி நின்றுவிட்டது. உள்ளே பாதித் தூரத்தில் வீடு. கரும்புகை உள்படி வழியாக ஏறி மேல்மாடி ஜன்னலில் கொப்பளித்துக்கொண்டிருந்தது. தெர்மாகோல் புகை, இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் விழுந்துவிடுவான். மிதாலி பௌதி கடைக்குப் போயிருந்ததால் தப்பினாள். அவள் தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள்: “மேலே மத்ராஜி பௌதி இருக்காள். வெளியே வரவே இல்லை. நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், வரவில்லை.”

அதிகாரி நிகில் பாபு சண்முகத்திடம் ஓடிவந்தார். அவர் கேட்டதும் இவர் சொன்னதும் வங்காள மொழியில்தான். அதன் சாரம் இதுதான்.

“பின்னால படி எதுவும் இருக்கா?”

“இருக்கு.”

“அப்போ அதுல எறங்கியிருப்பாங்க. நான் ஒரு ஆளைப் பின்னால அனுப்பிப் பார்க்கிறேன்.”

“எறங்கமாட்டா.”

“என்ன சொல்றே?”

“அது கக்கூஸ் கழுவுறவங்க படி. அவ எறங்கமாட்டா சார். எனக்குத் தெரியும். மேலதான் இருப்பா.”

நிகில் பாபு ஒரு விநாடி இவர் முகத்தைப் பார்த்தார். அவரும் அந்த ஊர்க்காரர், அந்த மாதிரி வீட்டில் வளர்ந்தவர், நம்பினார். ஆளைப் பின்னால் அனுப்பவில்லை. இருந்த ஆட்களே கொஞ்சம், பாதிப் பேர் பூஜைக் காவலுக்குப் போயிருந்தார்கள்.

இஸ்மாயில் முகமூடியை மாட்டிக்கொண்டே வந்தான்.

“நான் மேல போறேண்ணே. மதினி அந்தப் படியில எறங்கமாட்டாங்க, எனக்குந் தெரியும். நரேன் என் பின்னால வாரான். நீங்க தண்ணிய மட்டும் பாத்துக்கிடுங்க.”

“இஸ்மாயிலு…”

“தண்ணிய மட்டும் பாருங்கண்ணே.”

அவன் போனான். ஹோஸ் விறைத்தது. அதன்மேல் கையை வைத்தபடி சண்முகம் நின்றார். உள்ளங்கையில் அது துடிக்கிற துடிப்பிலிருந்து இஸ்மாயில் இப்போது கிடங்கைத் தாண்டுகிறான், இப்போது நடுமாடியில் திரும்புகிறான் என்று அவருக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் பழகிய கை. நெஞ்சுதான் பழகவில்லை. முக்குலதான் நிப்பியளா என்று அவள் கேட்டது, ஆமா என்று இவர் சொன்னது. தெருக்காரர்கள் எல்லாம் இவரைத்தான் பார்த்தார்கள். பெண்டாட்டி எரிகிறாள், இவன் லாரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான். காதில் விழட்டும் என்றுதான் சொன்னான்.

டாங்க்கின் அளவைப் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது. இரண்டாவது வண்டி இன்னும் வரவில்லை, ஆனால் அதன் மணிச் சத்தம் கேட்டது. பின்சந்து வழியாக ஓடி, சுற்றுப்படியில் ஏறி, பின்கதவை உடைத்து அவளைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறவரை இந்தத் தண்ணீர் தாங்கும் என்று கணக்குப் போட்டார். ஒரு ஹோஸுக்கு அந்தக் கணக்கு சரி. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஜன்னலுக்கு அடிப்பதற்காக நிகில் பாபு அதே நேரத்தில் இரண்டாவது ஹோஸைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அது சண்முகத்துக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம் பம்ப்படியில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

அவர் ஓடினார். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, கனத்த பூட்ஸ். கடைகளுக்குப் பின்னால் போகிற சாக்கடைச் சந்து. அதில் வழுக்கிக் கையை ஊன்றி எழுந்து ஓடினார். வாய்விட்டு அழுதுகொண்டுதான் ஓடினார். சந்தின் திருப்பத்தில் கார்ப்பரேஷன் அடிபம்ப் ஒன்று உண்டு. அங்கே வந்து நின்றுவிட்டார்.

அடிபம்ப்பின் அருகே தமயந்தி நின்றுகொண்டிருந்தாள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். முகத்தில் ஒரு பொட்டுக் கரி இல்லை. எட்டத்தில் புதியா தன் வாளியோடு நின்றாள்.

“வந்துட்டியளா? கொஞ்சம் இத அடிங்க,” என்றாள் தமயந்தி. “இவ அடிக்கேன்னு நிக்கா. நீ தொடாத, தள்ளி நில்லுன்னேன். நானே அடிச்சுக் காலக் கழுவணும்னா எப்படி முடியும்?”

“தமா…”

“அந்தப் படியில எறங்கி வந்திருக்கேன். உள்ளங்காலெல்லாம் கூசுது. அடிங்களேன்.”

அவள் உயிரோடு இருந்தாள். அவருக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. மூக்கு ஒழுக, பம்ப்பின் கைப்பிடியைப் பிடித்து அடித்தார். தண்ணீர் கொட்டியது. அவள் ஒரு காலைக் கழுவினாள். மறுகாலைக் கழுவினாள். அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். போதும் என்று அவள் சொல்லவில்லை. அவரும் நிறுத்தவில்லை.

சந்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஓசை வந்தது. தண்ணீர் இல்லாமல் சுற்றுகிற பம்ப்பின் அலறல். கொல்கத்தாவில் அந்தச் சத்தத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. கைப்பிடியை விட்டுவிட்டு வந்த வழியே ஓடினார்.

வண்டியருகே இரண்டாவது வண்டிக்காரன் இணைப்பு ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு, “டிரைவர் எங்கே, டிரைவர் எங்கே?” என்று கத்திக்கொண்டிருந்தான். இரண்டு ஹோஸ்களும் சாலையில் தட்டையாகக் கிடந்தன. சண்முகம் வால்வுகளை மாற்றினார். ஹோஸ் மறுபடியும் விறைத்தது. அதற்குள் நரேன் இஸ்மாயிலை அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டான். மேல்மாடியில், தமயந்தியின் அறைக்குள் நுழைந்து கட்டிலின் கீழே அவளைத் தேடிக்கொண்டிருந்தபோது தண்ணீர் நின்றிருக்கிறது. படி வழியாக ஏறிய தீ அறைக்குள் வந்துவிட்டது. முகத்தைக் காப்பாற்றக் கைகளை முன்னால் நீட்டினான். முகம் பிழைத்தது.

விசாரணை வந்தது, போனது. ஹோஸ் வெடித்துவிட்டது என்று நிகில் பாபு சொன்னார். ஒரு பழைய ஹோஸைக் கீறி எடுத்துக் காட்டவும் காட்டினார். சண்முகத்தின் மேல் அவருக்குப் பாசம் பொங்கவில்லை. ஆளைப் பின்னால் அனுப்பாதது ஏன் என்று தன்னை யாரும் கேட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். நரேனும் மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஸ்டேஷனில் யாரும் சண்முகத்தைத் திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு அழைப்பிலும், ஆள் எத்தனை குறைவாக இருந்தாலும், ஒருவனைப் பம்ப்பருகே நிறுத்திவிட்டுத்தான் மற்றவர்கள் உள்ளே போனார்கள். அவனுக்கு வேலை எதுவும் சொல்லப்படவில்லை. அவன் சண்முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

பங்குனியில், தங்கியிருந்த புது வாடகை வீட்டில், தமயந்தி அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“இஸ்மாயில் தம்பிய ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குக் கொண்டாந்தாச்சாமே. நீங்க போய்ப் பாத்தியளா?”

“பாத்தேன்.”

“என்ன ஏன் கூட்டிட்டுப் போகல? எனக்காவ மேல ஏறுன பிள்ள. அதுகூட எனக்குத் தெரியாதா? நாளைக்கு நான் வாரேன்.”

“வேண்டாம் தமா.”

“என்ன வேண்டாம்? அவுக வீட்ல நான் ஒக்காரமாட்டேன்னு நெனைக்கியளா? ஒக்காருவேன்.”

போனார்கள். பார்க் சர்க்கஸில் ஒரு குறுகலான மாடிவீடு. இஸ்மாயில் தலையணையில் சாய்ந்திருந்தான். இரண்டு கைகளும் மணிக்கட்டுக்குக் கீழே துணி உருண்டைகளாக இருந்தன. உள்ளே விரல்கள் இல்லை. ராபியா அவனுக்குக் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். தமயந்தி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, எவர்சில்வர் டப்பாவைத் திறந்து வைத்தாள். எள்ளுத் துவையல். நாற்காலியில் உட்கார்ந்ததே அவளுக்குப் பெரிய காரியம். அது அவள் முகத்தில் தெரிந்தது.

“வாங்க மதினி,” என்றான் இஸ்மாயில். தொண்டை கரகரத்தது. “எனக்கும் இப்ப வீட்ல தனிக் கப்புதான். உறிஞ்சுற குழல் போட்ட கப்பு.”

தமயந்திக்குக் கண் நிறைந்துவிட்டது. “எம்புட்டுப் பெரிய மனசு தம்பி உங்களுக்கு. அந்த ஹோஸு நாசமாப் போக. வெடிக்கதுக்கு அந்த நேரந்தான் கெடச்சுதா?”

“வெடிச்சா கைய ஒதறித் தள்ளும் மதினி. இது அப்படி இல்ல. கைக்குள்ளேயே மெதுவா துவண்டு போச்சு. அண்ணன்ட்டகூட அன்னைக்குச் சொன்னேன். என்னமோ, வெடிச்சிட்டுன்னு எல்லாருஞ் சொல்றாங்க. வெடிச்சிருக்கும்.” அவன் சண்முகத்தைப் பார்த்துச் சிரித்தான். “எங்க அண்ணே பம்ப்புல நிக்கும்போது வேற என்ன ஆவும்?”

சண்முகம் ஜன்னலைப் பார்த்தார். “போலாம் தமா. அவன் தூங்கட்டும்.”

“இருங்க, இப்பத்தான வந்தோம். தம்பி, நான் ஒண்ணு கேக்கணும். நான் மேலதான் இருப்பேன்னு நீங்களும் நெனச்சியளோ?”

“அண்ணே சொன்னாங்க. அந்தப் படியில நீங்க எறங்கவே மாட்டீங்கன்னு. எனக்கும் அப்படித்தான். அன்னைக்கு உங்க வாயால கேட்டேனே.”

“சொல்லுததுதான் தம்பி. வாயில வாரதெல்லாம் செய்யவா முடியும்? பொகை வாசம் வந்ததும் எனக்கு என்ன படி, என்ன வாசல். போனக்கூட எடுக்கல. உங்க வண்டி மணி கேக்கதுக்கு முந்தியே எறங்கிட்டேன்.”

ராபியா ஊட்டுகிற கரண்டியை நிறுத்தினாள்.

“தமா, எந்திரி,” என்றார் சண்முகம்.

“சொல்ல விடுங்களேன். ராபியா, ஒங்கிட்ட சொல்லுதேன் கேளு. கல்யாணமாகி இத்தன வருசத்துல இவுக என்ன வாயத் தொறந்து ஒரு நல்ல வார்த்த சொன்னதில்ல. வீடு எரிஞ்சாலும் முக்குலதான் நிப்பேன்னவுக. அன்னைக்கு எல்லாத்தையும் போட்டுட்டு எனக்காவ ஓடியாந்துட்டாவ. சாக்கடையில விழுந்து எந்திரிச்சு, அழுதுகிட்டே வாராவ. எனக்குக் காலு கழுவ அடிபம்ப்ப அடிச்சாவ பாரு. நான் போதும்னுகூடச் சொல்லல, அடிச்சுக்கிட்டே நின்னாவ. எங்க அக்காட்ட போன் போட்டுச் சொன்னேன். ஒன் மாப்பிள்ள செய்வாராடின்னு கேட்டேன்.”

சந்தோஷத்தில் அவள் முகம் மினுங்கியது. இப்படி ஒரு நாளுக்காக அவள் வெகு காலம் காத்திருந்தாள்.

இஸ்மாயில் சண்முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த துணி உருண்டைகளை வெகுநேரம் பார்த்தான். பிறகு அவளிடம் கேட்டான், ரொம்ப மரியாதையாகவே கேட்டான்.

“பம்ப்புல தண்ணி நல்லா வந்துச்சா மதினி?”

“நல்லா வந்துது தம்பி,” என்றாள் தமயந்தி.